வண்டுக்குப் பெயரிடுதல்

நுழையும்முன்

இதுவரை பெயரிட்டு விவரிக்கப்பட்டுள்ள விலங்கினங்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வண்டுகளே. ஆயினும் பெயர் பெற்ற வண்டுகளைவிடப் பெயர் பெறாதவையே மிகுதி. புதிய உயிர் ஒன்றைக் கண்ணால் காண்பது ஒரு நொடியில் நிகழ்ந்துவிடும். அது புதியதுதான் என்று உலகம் ஏற்குமாறு எழுத்தில் நிலைநிறுத்துவதற்குப் பல ஆண்டுகளும் ஆகலாம். அவ்வெழுத்துப் பணி எத்தகையது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தரங்கம்பாடிக்கு வாராத வண்டு

வட அமெரிக்காவின் மணற்பாங்கான நிலங்களில் புலிவண்டு ஒன்று வாழ்கிறது. கனடாவிலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் அதனைப் பரவலாகக் காணலாம். கருமையும் செம்பின் நிறமும் கலந்த முதுகு, அதன்மேல் வெளிறிய சாய்கோடுகள், நீண்ட கால்கள், அரிவாள்போல் வளைந்த தாடைகள் என வேட்டைக்கென்றே அமைந்த உடல் அதனுடையது. சிறு பூச்சிகளை விரைந்தோடிப் பிடித்து உண்ணும். இதன் அறிவியற்பெயர் சிசிண்டெலா டிராங்குபாரிகா என்பதாகும். முதற்சொல் பேரினத்தைக் குறிக்கிறது. இரண்டாம் சொல்லைச் சற்றே உரக்கச் சொல்லிப் பாருங்கள். நமக்குப் பழகிய ஊர் ஒன்று அதற்குள் ஒலிக்கும். நம் தரங்கம்பாடியே ஐரோப்பியர் நாவில் டிராங்குபார் ஆயிற்று.

தரங்கம்பாடியில் இவ்வண்டு இல்லை. இந்தியாவில் எங்குமே இல்லை. பெர்லின் நகரில் வாழ்ந்த சமயப் பணியாளரும் பூச்சியியல் அறிஞருமான ஹெர்ப்ஸ்ட் என்பவர் 1806ஆம் ஆண்டில் இதனை விவரித்துப் பெயரிட்டபோது, இதன் ஊர் தரங்கம்பாடி என்று பிழையாகக் கொண்டார்.

அக்காலத்தில் அவ்வூரின் பெயர் ஐரோப்பிய அறிஞரிடையே புதிதன்று. 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடி டென்மார்க்கு நாட்டினரின் ஆளுகையில் இருந்தது. இருபெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயசின் மாணவர் கோனிக், 1768இல் அங்கு மருத்துவராக வந்து சேர்ந்தார். அவர் செடிகளையும் பூச்சிகளையும் திரட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். லின்னேயசின் மற்றொரு மாணவரான ஃபாப்ரிசியஸ், தரங்கம்பாடியிலிருந்து சென்ற பூச்சிகள் பலவற்றுக்குப் பெயர் சூட்டினார். ஆகவே, பூச்சிப் பேழை ஒன்றில் 'தரங்கம்பாடி' என எழுதிய சீட்டு இருப்பது அந்நாளில் இயல்பானதே. புலிவண்டின் வகையில் மட்டும் அது பொய்த்துவிட்டது.

பிழை தெரிந்த பின்னரும் பெயரை ஏன் மாற்றவில்லை என்னும் வினா எழும். முறைப்படி முதலில் இடப்பட்ட பெயரே நிலைக்கும் என்பதும், பொருள் பொருந்தவில்லை என்பதற்காக ஒரு பெயரை நீக்கலாகாது என்பதும் விலங்கியல் பெயரீட்டு விதிகள். இலக்கண வகுப்பில் நாம் பயின்ற இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்னும் பாகுபாட்டை இங்கு நினைவுகூரலாம். அறிவியற்பெயர் பெரும்பாலும் காரணப்பெயராகப் பிறக்கிறது. ஆனால், பிறந்த கணமே விதிகளின்முன் இடுகுறிப்பெயராகிவிடுகிறது. பொன்னன் என்று பெயருடையவர் பொன்னில்லாதவராயினும் பொன்னனே அல்லவா?

'வண்டு' என்னும் சொல்

பொருள் வரையறை இல்லாமல் வகைப்பாடு இல்லை. நம் மொழியில் வண்டு என்னும் சொல் பரந்த பொருளுடையது. சங்கப் பாடல்களில் மலர்தோறும் சென்று தேனுண்ணும் வண்டு, சுரும்பு, ஞிமிறு முதலியன பெரும்பாலும் தேனீ இனத்தைச் சார்ந்தவை. தும்பியும் அவற்றோடு சேர்த்தே பாடப்பட்டது. இன்றோ தும்பி என்றால் தட்டான்பூச்சி என்றே பலர் கொள்கின்றனர். உத்தரத்தைத் துளைத்துக் குடியேறும் கருவண்டும் உண்மையில் தேனீக்களுக்கே உறவு. மாறாக, வண்டு என்று நாம் சொல்லாத மின்மினியோ அறிவியலின்படி வண்டு.

இது தமிழின் குறையன்று. எம்மொழியிலும் மக்கள் வழக்கு இவ்வாறே அமையும். உயிர்களை வகைப்படுத்தும் எண்ணமும் நமக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல், உயிர்களை அறிபுலன்களின் எண்ணிக்கையால் ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்தது. ஒரு பண்பைத் தேர்ந்து, அதனையே அளவுகோலாகக் கொண்டு அனைத்தையும் நிறுத்துப் பார்க்கும் முறை அது. பின்னாளில் லின்னேயஸ் பூச்சிகளைச் சிறகுகளால் வகுத்தார். அவர் மாணவர் ஃபாப்ரிசியஸ் வாயுறுப்புகளால் வகுத்தார். எந்தப் பண்பை அளவுகோலாகக் கொள்வது என்னும் வழக்கு இன்றும் ஓயவில்லை.

வண்டுகளைப் பிற பூச்சிகளிலிருந்து பிரிப்பது அவற்றின் முன்சிறகு. அது பறத்தலுக்குரிய மென்தகடாக இல்லாமல், இறுகித் தடித்துப் பின்சிறகை மூடும் உறையாக மாறியுள்ளது. இரண்டு உறைகளும் முதுகின் நடுவே நேர்கோட்டில் சந்திக்கும். உறைச்சிறகு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை இப்பூச்சிகளுக்கு வழங்கியவர் அரிஸ்டாட்டில். அதுவே இன்று கோலியாப்டெரா என்னும் வரிசையின் பெயராக நிற்கிறது. தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டு, அரிசியில் நெளியும் கூன்வண்டு, அசுவினியைத் தின்று உழவருக்கு உதவும் பொறிவண்டு, சாணத்தை உருட்டிச் செல்லும் சாணவண்டு ஆகியவை அனைத்தும் இவ்வரிசையில் அடங்கும்.

இவ்வரிசையில் இதுவரை விவரிக்கப்பட்ட சிற்றினங்கள் ஏறத்தாழ 4 இலட்சம். விவரிக்கப்படாதவை எத்தனை? டெர்ரி எர்வின் என்னும் அமெரிக்க அறிஞர், பனாமா நாட்டுக் காட்டில் ஒரே வகை மரங்கள் 19ஐத் தேர்ந்து, அவற்றின் உச்சியில் பூச்சிக்கொல்லிப் புகையைச் செலுத்தி, கீழே விழுந்தவற்றைத் திரட்டினார். அத்திரட்டில் வண்டுகள் மட்டும் ஏறத்தாழ 1,200 சிற்றினங்கள் இருந்தன. அதனை அடிப்படையாகக் கொண்டு, வெப்பமண்டலக் காடுகளில் 3 கோடிக் கணுக்காலிச் சிற்றினங்கள் இருக்கலாம் என 1982இல் அவர் கணக்கிட்டார். அக்கணக்கு மிகை என்பதே இன்றைய பொதுக் கருத்து. அண்மைக்கால மதிப்பீடுகள் வண்டுகளை மட்டும் ஏறத்தாழ 15 இலட்சம் என்கின்றன. அதனை ஏற்றுக்கொண்டாலும் நான்கில் மூன்று பங்கு வண்டுகளுக்கு இன்னும் பெயரில்லை.

மாதிரியும் சீட்டும்

எம் தலைமுறையில் பொன்வண்டைத் தீப்பெட்டிக்குள் வைத்து, கொடுக்காப்புளித் தழையை இரையாக இட்டு, வகுப்புக்குக் கொண்டுவராத சிறுவர் அரியர். பச்சையும் பொன்னும் கலந்து மின்னும் அந்த முதுகைப் பார்த்தோம். எந்த மரத்தில், எந்த நாளில் பிடித்தோம் என்பதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. விளையாட்டுக்கும் அறிவியலுக்கும் இடையே உள்ள வேறுபாடு அந்தச் சிறு சீட்டுதான்.

பூச்சியியலார் தாம் திரட்டிய ஒவ்வொரு வண்டுடனும் குறிப்புச்சீட்டு ஒன்றை இணைக்கின்றனர். இடம், நாள், திரட்டியவர் பெயர் ஆகிய மூன்றும் அதில் கட்டாயம் இருக்கும். கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், எந்தச் செடியின்மேல் இருந்தது என்பனவும் சேர்க்கப்படும். பெரிய வண்டாயின் வலப்பக்க உறைச்சிறகின் வழியே ஊசி செருகுவர். நடுவே குத்தினால் முதுகின் நடுக்கோட்டில் உள்ள அடையாளங்கள் சிதையும். ஒரு புறம் ஊசி சென்றால் மறுபுறம் முழுமையாக எஞ்சும். ஊசி தாங்காத சிறு வண்டுகளை முக்கோண அட்டையின் நுனியில் ஒட்டி வைப்பர். வண்டு, அட்டை, சீட்டு மூன்றும் ஒரே ஊசியில் ஏறியிருக்கும். அவை பிரிந்தால் அம்மாதிரி ஊமையாகிவிடும். பிரியாமலே இருந்தும் சீட்டில் பிழை நேர்ந்தால் என்னாகும் என்பதைப் புலிவண்டின் வரலாற்றில் கண்டோம்.

அடுத்து வருவது ஒப்பீடு. கையிலுள்ள வண்டு புதியது என்று சொல்வதற்குமுன், அதற்கு நெருங்கிய உறவுள்ள வண்டுகள் அனைத்தையும் பார்த்தாக வேண்டும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இலத்தீனில் எழுதிய நான்கு வரிக் குறிப்பையும் தேடிப் படிக்க வேண்டும். எழுத்து தெளிவாக இல்லையெனில் அவ்வெழுத்துக்கு அடிப்படையாக இருந்த வண்டையே நேரில் பார்க்க வேண்டும். அத்தகைய வண்டுக்கு மூலமாதிரி என்று பெயர். ஒரு சிற்றினத்தின் பெயர் உண்மையில் ஒட்டியிருப்பது இந்த ஒற்றை உடலோடுதான். பிற்காலத்தில் ஐயம் எழும்போது தீர்ப்புக்குரிய சான்று அதுவே. 1999ஆம் ஆண்டுக்குப் பின் வெளியிடப்படும் பெயர்களுக்கு, மூலமாதிரி எது என்பதையும் அது எந்த நிறுவனத்தில் பாதுகாக்கப்படும் என்பதையும் கட்டுரையிலேயே குறிப்பிட வேண்டும் என்பது விதி.

ஒப்பிடுவோரைக் கண் ஏமாற்றும் இடங்கள் பல. ஐரோப்பாவின் இருபுள்ளிப் பொறிவண்டு சிவந்த முதுகில் இரண்டு கரும்புள்ளிகளுடன் இருக்கும். அதே சிற்றினத்தில் கரிய முதுகில் நான்கோ ஆறோ செம்புள்ளிகள் கொண்டவையும் உண்டு. இவற்றை இரு வேறு இனங்கள் என்று நினைப்பது எளிது. இதற்கு நேர்மாறாக, மேல்தோற்றத்தில் வேறுபாடே காணமுடியாத இரண்டு வண்டுகள் ஆண் இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தில் தெளிவாக வேறுபடும். அதனால்தான் வண்டியலார் மிக நுண்ணிய அறுவை செய்து அவ்வுறுப்பை எடுத்து வரைந்து காட்டுகின்றனர். விவரிப்புக் கட்டுரை பலவற்றில் மிகுந்த இடம் பெறுவது அவ்வரைபடமே.

ஆணும் பெண்ணும் ஒரே இனம் என்று அறிவதேகூட எளிதாக இருந்ததில்லை. போர்னியோக் காடுகளில், தொன்மையான கடலுயிரி போன்று தட்டையாகவும் முட்களுடனும் இருக்கும் பல சென்டிமீட்டர் நீளப் புழுவடிவ உயிர்கள் நெடுங்காலம் புதிராக இருந்தன. அவை வளர்ந்தபின் என்னவாகின்றன என்பதை யாரும் அறியவில்லை. சரவாக் அருங்காட்சியகத்தின் காப்பாட்சியராக இருந்த எரிக் மியோபர்க், 1925இல் விடையை வெளியிட்டார். அவை எதுவாகவும் மாறுவதில்லை. முதிர்ந்த பெண்ணே புழுவடிவில் இருக்கிறது. அதன் இணையோ மிகச் சிறிய, சிறகுள்ள, வண்டு வடிவ ஆண். இரண்டையும் இணைசேரும் நிலையில் கண்டபிறகே புதிர் அவிழ்ந்தது.

கேசாதிபாதம்

நம் சிற்றிலக்கியங்களுள் கேசாதிபாதம் என ஒருவகை உண்டு. முடி தொடங்கி அடி வரை உறுப்புறுப்பாக வருணிப்பது அதன் இலக்கணம். புதிய வண்டின் விவரிப்பும் ஒரு கேசாதிபாதமே. தலை, கண், உணர்கொம்பு, வாயுறுப்பு, முன்மார்புத் தகடு, உறைச்சிறகு, கால், வயிறு என்ற வரிசை மாறாமல் எழுதப்படும். வரிசை மாறாததால்தான் ஒருவர் எழுதியதை மற்றொருவர் எழுதியதோடு வரிக்கு வரி ஒப்பிட முடிகிறது. புலவர் புகழ வேண்டும், விவரிப்பவரோ புகழக்கூடாது. 'மிகச் சிறிய' என்று எழுதினால் போதாது, மில்லிமீட்டரில் அளவு தர வேண்டும். 'அழகிய நீலம்' என்பது உதவாது. உலோக ஒளியுள்ள நீலமா, ஒளியற்ற நீலமா, எந்தப் பகுதியில் என்று சொல்ல வேண்டும்.

உவமை மட்டும் இங்கும் இன்றியமையாதது. உணர்கொம்பு நூல் போன்றதா, கோத்த மணிகள் போன்றதா, இரம்பத்தின் பற்கள் போன்றதா, சீப்புப் போன்றதா, நுனி பருத்த தண்டு போன்றதா? கூன்வண்டுகளில் அது முழங்கைபோல் மடிந்து நுனியில் பருத்திருக்கும். காண்டாமிருக வண்டில் நுனிக்கணுக்கள் மடல்களாக அடுக்கப்பட்டிருக்கும். கவிஞர் ஒவ்வொருவரும் புதிய உவமை தேடுவர். வகைப்பாட்டியலார் பழைய உவமையையே விடாமல் பற்றிக்கொள்வர். ஒரே சொல் ஒரே பொருளைத் தந்தால்தான் பிரேசிலில் எழுதியதைச் சென்னையில் படிப்பவர் பிழையின்றிப் புரிந்துகொள்வார்.

விவரிப்புடன் வேறுபாட்டுக் குறிப்பு என ஒன்றும் எழுதப்படும். முன்னது பொதுவியல்பு, சிறப்பியல்பு இரண்டையும் சொல்வது. பின்னது நெருங்கிய உறவுகளிலிருந்து இவ்வண்டைப் பிரிக்கும் சிறப்பியல்பை மட்டும் சொல்வது. இரண்டில் அரியது பின்னதே என்பது என் கருத்து. கண்ணைக் கவரும் பண்பு எப்போதும் நம்பத்தக்கதாக இருப்பதில்லை. நம் தென்னந்தோப்புகளில் உள்ள காண்டாமிருக வண்டையே எடுத்துக்கொள்வோம். நீண்ட கொம்புடையது ஆண் என்று எவரும் சொல்லிவிடுவர். ஆனால், சிறு கொம்புடைய ஆண்களும் உள்ளன. வயிற்றின் முனையில் அடர்ந்திருக்கும் செந்நிற மயிர்க்கொத்துதான் பெண்ணுக்கு உறுதியான அடையாளம். கொம்பை விட்டுவிட்டு வயிற்று முனையைப் பார்க்கச் சொல்வதே நல்ல குறிப்பு.

பெயர் சூட்டலும் அதன் பின்விளைவும்

இதே காண்டாமிருக வண்டுக்கு 1758இல் லின்னேயஸ் இட்ட பெயர் ஸ்காரபேயஸ் ரைனோசெரஸ். விலங்குப் பெயரீடு அவ்வாண்டில் வெளிவந்த அவருடைய நூலிலிருந்தே தொடங்குவதாக அறிஞர்கள் கொள்கின்றனர். பின்னர் இவ்வண்டை ஒரிக்டெஸ் என்னும் வேறு பேரினத்துக்கு மாற்றினர். முதற்சொல் மாறியது, இரண்டாம் சொல் மாறவில்லை. பேரினம் மாறியதற்கு அடையாளமாக லின்னேயசின் பெயர் பிறைக்குறிக்குள் எழுதப்படுகிறது. பூச்சியியல் நூல்களில் ஆசிரியர் பெயரைப் பிறைக்குறியுடன் சில இடங்களிலும் பிறைக்குறியின்றிச் சில இடங்களிலும் காணலாம். அது அச்சுப்பிழையன்று, வண்டு வீடு மாறிய வரலாறு.

இரண்டாம் சொல்லைத் தேர்வதில் விவரிப்பவருக்கு உரிமை மிகுதி. உருவம், நிறம், ஊர், மனிதர் பெயர் எதனையும் கொள்ளலாம். மனிதர் பெயராயின் இலத்தீன் ஆறாம் வேற்றுமை உருபு சேரும். ஆண்பாற்கு 'இ', பெண்பாற்கு 'ஏ' என்று முடியும். 'இன்னாருடைய' என்பது பொருள். கென்யா நாட்டில் 1960களில் மண்ணிலிருந்து திரட்டப்பட்ட, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வண்டு ஒன்றை 2019இல் விவரித்த மைக்கேல் டார்பி, சூழலியல் போராளி கிரெட்டா துன்பர்க்கின் பெயரால் அதனை நெல்லோப்டோடெஸ் கிரெட்டே என்றழைத்தார். தம் பெயரையே தாம் கண்ட வண்டுக்குச் சூட்டிக்கொள்வதை விதி தடுக்கவில்லை. ஆனால், அதனை அறிஞர் உலகம் நாகரிகமாகக் கருதுவதில்லை.

பெயர் வண்டுக்குத் தீங்காக முடிந்ததும் உண்டு. சுலோவேனிய நாட்டுக் குகைகளில் கண்ணில்லாத பழுப்பு வண்டு ஒன்று வாழ்கிறது. 1930களில் அதனை விவரித்த ஆஸ்கர் ஷைபல், அப்போது ஜெர்மனியில் ஆட்சிக்கு வந்திருந்த ஹிட்லரின் பெயரை அதற்குச் சூட்டினார். அனோப்தால்மஸ் ஹிட்லெரி என்பது அதன் பெயர். அக்கொடுங்கோலரின் நினைவுப் பொருள்களைச் சேர்ப்போர் இன்று இவ்வண்டை விலை கொடுத்து வாங்குகின்றனர். குகைகளுக்குள் சென்று பிடிப்போர் பெருகியதால் அதன் எண்ணிக்கைக்கே அச்சுறுத்தல் நேர்ந்துள்ளது. இருளில் வாழும் கண்ணற்ற உயிருக்கு அரசியல் ஏது? பெயரை மாற்றலாமே என்ற கோரிக்கை எழுந்தபோது, அறவியல் காரணங்களுக்காகப் பெயர்களை மாற்றுவது தன் பணியன்று என்று விலங்கியல் பெயரீட்டுக்கான பன்னாட்டு ஆணையம் 2023இல் தெரிவித்தது. பெயர்கள் அடிக்கடி மாறினால் இருநூற்றைம்பது ஆண்டு நூல்களைப் படிக்கவே இயலாமற் போகும் என்பது அதன் தரப்பு. அத்தரப்பில் வலிமை உண்டு. எனினும், இவ்வண்டின் நிலையைப் படிக்கும்போது மனம் முழுமையாக அமைதி கொள்வதில்லை.

ஒரே கட்டுரையில் 103 வண்டுகள்

இத்தனை கவனத்துடன் ஒவ்வொன்றாக எழுதினால் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டுகளை எப்போது எழுதி முடிப்பது? இவ்வினாவை நேர்கொண்டவர்களுள் ஒருவர் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ரீடல். அவர் ஆய்வு செய்வது டிரைகோனாப்டெரஸ் என்னும் கூன்வண்டுப் பேரினம். இவை சில மில்லிமீட்டர் அளவே உள்ளவை, பறக்க இயலாதவை. பறக்காததால் ஒரு மலையில் உள்ளவை அடுத்த மலைக்குச் செல்வதில்லை. நெடுங்காலம் தனித்திருந்து மலைக்கு மலை வேறு சிற்றினங்களாகப் பிரிந்துவிட்டன. கண்ணுக்கோ எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும்.

இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் இப்பேரினத்தைச் சேர்ந்ததாக ஒரே ஒரு சிற்றினம்தான் 1885இல் விவரிக்கப்பட்டிருந்தது. அதன்பின் நூற்றாண்டுக்கும் மேலாக எவரும் எதுவும் சேர்க்கவில்லை. ரீடலும் இந்தோனேசிய ஆய்வாளர் ஒருவரும் இணைந்து 2019இல் ஒரே கட்டுரையில் 103 புதிய சிற்றினங்களை வெளியிட்டனர். மரபணுவின் குறிப்பிட்ட சிறு பகுதியில் உள்ள எழுத்து வரிசையை ஒவ்வொரு வண்டிலும் படித்து ஒப்பிட்டதே இவ்விரைவுக்கு வழியாயிற்று. கடைப் பொருள்களின் பட்டைக்குறியீடு போன்று இப்பகுதி ஓர் அடையாளமாகப் பயன்படுகிறது. உருவ விவரிப்பைச் சுருக்கி, தெளிவான ஒளிப்படங்களைச் சேர்த்து, மூலமாதிரிகளையும் முறைப்படி பாதுகாத்தனர்.

இதில் சுவையான இடர்ப்பாடு பெயர்கள்தாம். நூறு வண்டுகளுக்கு நூறு பெயர் வேண்டுமே! ரீடல் 2013இல் நியூகினித் தீவின் 101 சிற்றினங்களை வெளியிட்டபோது பப்புவா நியூகினியின் தொலைபேசிப் பெயர்த்தொகுப்பைப் புரட்டி, அங்குள்ள குடும்பப் பெயர்களை எடுத்துக்கொண்டார். சுலவேசி வண்டுகளுக்கோ டார்வின், வாட்சன், கிரிக் முதலிய அறிவியலாரின் பெயர்களோடு, படக்கதை நாயகர் ஆஸ்டெரிக்ஸ், திரைப்படக் கதைமாந்தர் யோடா ஆகியோரின் பெயர்களும் வந்து சேர்ந்தன. இது விளையாட்டுத்தனம் என்று கடிந்துகொள்வோர் உள்ளனர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெயர் கேலியாக இருந்தாலும் வண்டும் சீட்டும் சரியாக இருந்தால் போதும். புலிவண்டின் வகையில் நிகழ்ந்ததோ இதன் மறுதலை.

மரபணுவை மட்டும் நம்பி உருவத்தைக் கைவிடலாமா என்பது வேறு வினா. மரபணு எழுத்துகள் எவ்வளவு வேறுபட்டால் அது வேறு இனம் என்பதற்கு எல்லா வண்டுகளுக்கும் பொருந்தும் ஒரே எல்லைக்கோடு இல்லை. காட்டில் நிற்கும் மாணவருக்கோ வனக்காவலருக்கோ கையில் இருப்பது உருப்பெருக்கிக் கண்ணாடிதான், ஆய்வகம் அன்று. ஆகவே, உருவ விவரிப்பின் தேவை குறைந்துவிடவில்லை.

பேழைக்குள் 180 ஆண்டுகள்

புதிய வண்டைக் காணக் காட்டுக்குத்தான் செல்ல வேண்டும் என்பதில்லை. திரட்டப்பட்ட நாளுக்கும் விவரிக்கப்பட்ட நாளுக்கும் இடையே புதிய சிற்றினம் ஒன்று சராசரியாக 21 ஆண்டுகள் காத்திருக்கிறது என்று 2012இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. பூச்சிகள் மட்டுமன்றிப் பலவகை உயிர்களையும் சேர்த்துக் கணக்கிட்ட சராசரி இது. அருங்காட்சியகப் பேழைகளில் பெயரில்லாத உயிர்கள் அடுக்கடுக்காக உறங்குகின்றன. அவற்றைப் பிரித்தறியப் பயின்றவர்கள்தாம் குறைவு.

சார்லஸ் டார்வின் இளமையில் வண்டுப் பித்தர். இரண்டு கைகளிலும் இரண்டு அரிய வண்டுகளைப் பிடித்திருந்தபோது மூன்றாவது ஒன்றைக் கண்டு, ஒரு கை வண்டை வாய்க்குள் போட்டுக்கொண்டதாகவும், அது எரிக்கும் நீரைக் கக்கியதால் துப்ப நேர்ந்ததாகவும் தம் வரலாற்றில் அவரே எழுதியுள்ளார். பீகிள் கப்பலில் உலகைச் சுற்றியபோது, 1832இல் அர்ஜென்டினாவின் பாகியா பிளாங்கா என்னும் இடத்தில் அவர் ஒரு வண்டைப் பிடித்தார். உறைச்சிறகு குட்டையாகவும், வயிறு மறையாமல் வெளியே நீண்டும் இருக்கும் ஸ்டாஃபிலினிடே குடும்பத்தைச் சேர்ந்தது அது. உலோக ஒளியுடன் மின்னும் தலையும் முன்மார்பும், இரம்பப் பல் போன்ற உணர்கொம்பும் அதற்கிருந்தன. அது இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது. பின்னர்ப் பேழைகளின் நெரிசலில் எவர் கண்ணிலும் படாமல் போயிற்று.

இக்குடும்பத்தை ஆராய்ந்துவந்த அமெரிக்கப் பேராசிரியர் ஸ்டிலியானோஸ் சட்சிமனோலிஸ், தம் ஆய்வுக்காக அருங்காட்சியகத்திலிருந்து இரவலாகப் பெற்ற மாதிரிகளுள் இவ்வண்டைக் கண்டார். உணர்கொம்பின் வடிவம் அவர் அறிந்த எந்தப் பேரினத்தோடும் பொருந்தவில்லை. சீட்டைப் பார்த்தார். ஊரும் டார்வினின் பெயரும் அதில் இருந்தன. பெர்லின் அருங்காட்சியகத்தில் இதே இனத்தின் மற்றொரு மாதிரி கிடைத்தது. அதுவும் அர்ஜென்டினாவில் திரட்டப்பட்டதே. உலகில் உள்ள பிற மாதிரிகளைத் தேடியும் மூன்றாவது ஒன்று அகப்படவில்லை.

2014 பிப்ரவரி 12 அன்று, டார்வினின் 205ஆவது பிறந்த நாளில், விவரிப்பு வெளியாயிற்று. பெயர் டார்வினிலஸ் செடாரிசி. பேரினப் பெயர் டார்வினுக்கு உரியது. இரண்டாம் சொல் டேவிட் செடாரிஸ் என்னும் அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளரைக் குறிக்கிறது. வண்டுகளைப் பதப்படுத்தும் நீண்ட மணிநேரங்களில் அவருடைய ஒலிநூல்களைக் கேட்டுக்கொண்டிருந்ததற்கு ஆய்வாளர் செலுத்திய நன்றி அது.

இரண்டு மாதிரிகளுமே 1935ஆம் ஆண்டுக்கு முன் திரட்டப்பட்டவை. அவை கிடைத்த புல்வெளிப் பகுதிகளின் பெரும்பரப்பு இன்று வேளாண் நிலமாகிவிட்டது. டார்வினிலஸ் அங்கு இன்னும் உயிருடன் ஊர்கிறதா என்பதற்கு அக்கட்டுரை வெளியானபோது சான்று ஏதும் இல்லை. இலண்டனில் ஓர் உடல், பெர்லினில் ஓர் உடல், ஒவ்வொன்றின் ஊசியிலும் ஊர் சொல்லும் ஒரு சீட்டு. அர்ஜென்டினாவின் எந்தப் புல்வெளியில் போய்த் தேடுவது என்பதை இன்று சொல்லக்கூடியவை அச்சீட்டுகளே.